நானூற்றுப் பதின்மூன்றில் ஒன்று

பிப்ரவரி 9, திங்கள். மாலை 7.10. அழித்த புள்ளிகள்: 413.

ஒரு வழியாகத் தங்கச்சி படத்தின் தலைப்பைச் சுத்தம் செய்து முடித்தேன். அவள் அதைச் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் தட்டைத் தூரிகையால் எழுதி, படமெடுத்து அனுப்பியிருந்தாள். எழுத்தைச் சுற்றி மணல், நார், மைத்தெறிப்பு. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைக்க எனக்குப் பொறுமை கிடையாது. ஆலையில் மருந்துக் குப்பிகளில் கரும்புள்ளி தேடுவதற்காக நான் எழுதிய மென்பொருளையே இதன்மேல் ஓட்டினேன். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எது தனியாக நின்றாலும் அது குறை, தூக்கு. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாலு வினாடியில் முடித்துவிட்டது. நானாக இருந்தால் நாலு நாள் ஆகியிருக்கும், நடுவில் இரண்டு சண்டை வேறு.

படத்தின் பெயர் ‘நில்’. பத்தொன்பது நிமிடம். சாலை வேலை நடக்கும் இடத்தில் சிவப்புக் கொடி பிடித்து வண்டிகளை நிறுத்துகிற ஒரு ஆள். சாயங்காலம் வேலை முடிந்து எல்லோரும் போய்விடுகிறார்கள். அவரிடம் மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அவர் பாட்டுக்கு நிறுத்திக்கொண்டே இருக்கிறார். கொடிக்காரராக நடித்தது எங்கள் மாமா, அம்மாவின் தம்பி. பேருந்து ஓட்டுநர். இருபது வருஷமாக நிறுத்தத்தில் கைகாட்டுகிறவர்களைக் கண்டுகொள்ளாமல் போனவர், இப்போது ஊரையே நிறுத்துகிறார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சுவரொட்டி, அவள் கல்லூரி ஆண்டு மலரின் அட்டை, இரண்டும் முடிந்தன. சுவரொட்டியில் பெரிய வெற்று நிலம், புதுச் சாலை, தூரத்தில் மாமா. மலர் அட்டையில் மாமாவின் முகமும் தூக்கிய கையும். இரண்டிலும் அதே தலைப்பு, கறுப்பில். சுவரொட்டியில் எழுத்து குறைவாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். தலைப்பு, தேதி, ‘முன்பதிவுக்கு’ என்று என் எண். தங்கச்சி படத்தொகுப்பில் கிடப்பதால் யாராவது கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். ‘மாணவர் குறும்படம்’ என்பதை அடியில் சின்னதாகப் போட்டேன். கண் ஒரு இடத்தில் நிற்க வேண்டும், சந்தைக்கடை மாதிரி அலையக் கூடாது.

கல்லூரியிலிருந்து ஒரே ஒரு படம்தான் வெளியூர் விழாவுக்குப் போகும். அதற்கும் நிபந்தனை: திரையிடலில் நூறு இருக்கைச் சிற்றரங்கம் பாதியாவது நிறைய வேண்டும், வருகிறவர்கள் வெளியாட்களாக இருக்க வேண்டும். போன வருஷம் ஒரு பெண்ணின் படத்துக்குப் பதினோரு பேர். அதில் ஒருவர் காவலாளி. அந்தப் பெண் இப்போது துணிக்கடையில் கணக்கு பார்க்கிறாளாம். தங்கச்சி இந்தக் கதையை மூன்று முறை சொல்லிவிட்டாள்.

மாதிரியை அவள் கைப்பேசிக்கு அனுப்பினேன். “சூப்பர்ணா. ஓகே” என்று பதில். நல்லவேளை. போன வாரம் இந்தத் தலைப்புக்காகவே அடித்துக்கொண்டோம். இது புள்ளியா, ஈ உட்கார்ந்ததா என்று கேட்டேன். சின்னதாகத்தான் இருக்க வேண்டுமாம், அவ்வளவு பெரிய சாலையில் மாமா சின்னதாகத் தெரிகிற மாதிரி. அப்படியானால் எடுத்தே விடு, ஓலைச்சுவடி எழுதினவர்கள் எல்லாம் புள்ளியா வைத்தார்கள் என்றேன். பேனா மூடி பறந்து வந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

சுவரொட்டி அச்சாகி வந்தது. கறுப்பு நன்றாக விழுந்திருக்கிறது. குறை எதுவும் இல்லை.

பிப்ரவரி 14, சனி

மாமாவுடன் போய் ஒட்டினேன். தொண்ணூறு. மருந்துக்கடைச் சுவர், பேருந்து நிறுத்தங்கள், நூலக வாசல், சலவைக்கடை. கேட்டவர்கள் யாரும் மறுக்கவில்லை. மாமா ஒவ்வொன்றின் முன்னாலும் தள்ளி நின்று தன்னையே பார்த்தார். “முகமே தெரியலையே மாப்ளே, எறும்பு மாதிரி நிக்கறேன்” என்றார். மலர் அட்டையில் முகம் முழுசாக வரும் என்று சமாதானப்படுத்தினேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

முதல் அழைப்பு. ஒரு அம்மா.

“விளம்பரம் பாத்தேன் தம்பி. எப்ப வந்து பாக்கலாம்?”

“இருபத்தேழாம் தேதி, சாயங்காலம் ஆறு மணி.”

“அதுக்குள்ள வெளிச்சம் போயிடுமே.”

“உள்ள இருட்டாத்தாங்க இருக்கும்.”

“அப்ப எல்லைக்கல்லு எப்படித் தெரியும்?”

வைத்துவிட்டார். எதையோ குழப்பிக்கொண்டிருக்கிறார். போகட்டும்.

பிப்ரவரி 16, திங்கள்

இன்று ஏழு அழைப்பு. ஒருவர் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்டார். ஒருவர் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்றார். இன்னொருவரிடம் பொறுமையாகவே சொன்னேன், இது படம் என்று. படம் இருந்தால் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அனுப்ப முடியாது, நேரில்தான் பார்க்க வேண்டும், பத்தொன்பது நிமிஷம் என்றேன்.

“பத்தொன்பது நிமிஷமா? மெயின் ரோட்ல இருந்தா?”

சுவரொட்டியில் வெற்று நிலத்தைப் பெரிதாகப் போட்டதால் வந்த வினை என்று நினைக்கிறேன். ஆனால் அதற்காக இவ்வளவு பேரா? ஒருத்தர் கூட படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தங்கச்சி எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்று செய்தி அனுப்பினாள். “வந்துட்டே இருக்கு” என்று பதில் போட்டேன். பொய் இல்லை. அழைப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

பிப்ரவரி 17, செவ்வாய். காலை

பேருந்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

ஆலையில் இருந்தபோது ஒரு பெரியவர் கூப்பிட்டார். குரலில் கொஞ்சம் கண்டிப்பு.

“தம்பி, ‘நில’ன்னு மட்டும் போட்டிருக்கீங்க. ‘ம்’ எங்க? எடம் பத்தலையா?”

“அது நிலம் இல்ல சார். நில். நில்லுன்னு சொல்வோம் இல்ல, அது.”

“இல்லப்பா. நான் போஸ்டர் முன்னாடிதான் நிக்கறேன். நில.”

சண்டை போடத்தான் கோப்பைத் திறந்தேன். நில. தெளிவாக, துடைத்து வைத்த மாதிரி, நில.

புள்ளி இல்லை. என் மென்பொருள் தின்றுவிட்டது. சின்னது, தனியாக நிற்கிறது, கறுப்பு. அதற்கு என்ன தெரியும், மெய்யெழுத்தா மணலா என்று? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வாரமாகப் பார்க்கிறேனே, எத்தனை முறை பார்த்திருப்பேன்! எப்படிடா கண்ணில் படவில்லை? ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் புள்ளி பார்ப்பதுதானே எனக்கு வேலை?

வெற்று நிலத்தின் படம். மேலே ‘நில’. கீழே ‘முன்பதிவுக்கு’. நானாக இருந்தாலும் தண்ணீர் எத்தனை அடியில் என்றுதான் கேட்டிருப்பேன்.

சுவரொட்டியாவது சுவரில் இருக்கிறது. மலர் அட்டை? ஆயிரத்து இருநூறு படி. வீடு வீடாகப் போகும். இன்று அச்சு. அச்சகத்துக்கு நாலு முறை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. வீட்டில் அவசரம் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இந்தப் பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கிறது. மாமா ஓட்டியிருந்தால் இந்நேரம் போயிருப்பேன்.

அதே நாள், மாலை

அப்பாடா.

அச்சகத்துக்குள் ஓடினபோது நாலு நிறத்துக்கும் தகடு ஏற்றியிருந்தார்கள். மேசைமேல் மாமாவின் முகம் அடுக்கடுக்காகக் கிடந்தது, எல்லாம் ‘நில’. அச்சுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து காதைக் குடைந்துகொண்டிருந்தார். மேசையில் கிடந்தவை நிறம் சரிபார்க்க ஓட்டிய கழிவுத் தாள்கள். மலர்ப் பொறுப்பாளர் மேடம் வந்து கையெழுத்து போட்டால்தான் ஓட்டம் தொடங்கும். அந்த மேடம் தேர்வு அறையில் மாட்டிக்கொண்டுவிட்டார்.

“ரெண்டு மணி நேரமா மெஷின் சும்மா கெடக்குது, வந்து சேரல பாருங்க” என்று என்னிடம் அவரைப் பற்றிப் புலம்பினார். நான் அந்த மேடம் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

தகட்டில் இருப்பதைச் சுரண்டி எடுத்துவிடலாம். இல்லாததைச் சேர்க்க முடியாது. ஆனால் தலைப்பு முழுக்கக் கறுப்பு, அதனால் கறுப்புத் தகடு ஒன்றை மாற்றினால் போதும். அவர்கள் கணினியிலேயே உட்கார்ந்தேன். என் மென்பொருள் எதை அழித்தாலும் ஒரு துண்டு வெட்டி எண் போட்டு வைக்கும். 413 துண்டு. மணல், மணல், நார், மணல். 207-இல் இருந்தது. தூரிகை நுனியால் ஒரே தட்டு, வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. மணல் எதுவும் இப்படிச் சாய்ந்து நிற்காது.

எடுத்து ‘ல’ தலையில் வைத்தேன். நில். புதுத் தகடு வரும்வரை நகரவில்லை. முதல் தாளைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் பசிக்கிறது என்று தெரிந்தது.

மலர் பிழைத்தது. தொண்ணூறு சுவரொட்டி பிழைக்கவில்லை. மலர் ஓடி முடியும்வரை வேறு எதையும் ஏற்ற முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 18, புதன்

சொன்னேன். சுற்றி வளைக்காமல் நேராகச் சொன்னேன். அதுதான் தப்போ?

அவள் குனிந்து, சுவரொட்டியில் ‘ல’ தலையை விரலால் தடவினாள். நடுக்கூடத்துத் தரையில் விரித்து வைத்திருந்தேன்.

“வேணும்னுதானே செஞ்ச?”

“பைத்தியமா உனக்கு? மென்பொருள் அழிச்சிடுச்சு.”

“அதை யார் எழுதினது?”

“நான்.”

“புள்ளியே வேணாம்னு யார் சொன்னது?”

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். என்னால் முடிகிறதா? “நீயும்தான் பாத்து ஓகே சொன்ன” என்றேன். உண்மைதான். ஆனால் அதை அந்த நேரத்தில் சொல்ல வேண்டுமா? அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். ஓங்கி அடித்திருந்தால் கூடப் பரவாயில்லை. சத்தமே வராமல் சாத்தினாள்.

அம்மா காய் நறுக்குவதை நிறுத்தாமல் என்னைக் கேட்டாள், ஊர்ல இருக்கற கறுப்புப் புள்ளியெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியுது, இவ ரெண்டு வருஷம் உழைச்சு வெச்ச ஒண்ணு தெரியலையா என்று. தெரியவில்லை அம்மா. என்ன செய்யச் சொல்கிறாய்?

பிப்ரவரி 19, வியாழன்

இரவுச் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. இன்று பதினோரு அழைப்பு. எல்லாம் மனை கேட்டு.

பிப்ரவரி 20, வெள்ளி

ஆலையில் வரிசைக்குப் பக்கத்தில் நின்றேன். கேமரா ஒரு குப்பியைத் தள்ளிவிட்டது. அது விழுந்த பெட்டிமேல் பணியாள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். ஒவ்வொரு நாளும் பார்க்கிறதுதான். வட்டம். சிவப்பு. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.

சிவப்பு. மாமா கையில் இருக்கிற கொடியின் சிவப்பு.

மேற்பார்வையாளரிடம் போய் ஒரு சுருள் ஸ்டிக்கர் வேண்டும் என்றேன். எத்தனை பெட்டி கழிந்தது என்று பதறிவிட்டார். குப்பிக்கு இல்லை, என் தங்கச்சி படத்துக்கு என்று முழுக்கதையும் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரிஜெக்ட் பண்ற சாமானை வெச்சு பாஸ் பண்ணப் போறியாக்கும்” என்று சுருளை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, நடுக்கூடத்தில் கிடந்த அதே சுவரொட்டியில் ஒன்றை ஒட்டிப் பார்த்தேன். நில். பெரிய கறுப்பு எழுத்துக்கு மேலே ஒற்றைச் சிவப்பு, தூரத்தில் கொடியின் ஒற்றைச் சிவப்பு. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. என் வடிவமைப்பைவிட இது மேல் என்பதை எழுதி வைக்கிறேன். வாயால் சொல்ல மாட்டேன்.

நிமிர்ந்தால் அவள் கதவோரம் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

“நானும் பாத்தேன்ணா” என்றாள். “நீ அனுப்பினதைப் பெருசு பண்ணிக்கூடப் பாத்தேன். எனக்குப் புள்ளி தெரிஞ்சுது. சத்தியமா. இல்லாத புள்ளி தெரிஞ்சுது.”

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதைச் சொல்ல மூன்று நாளாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் மூன்று வார்த்தையில் முடித்துவிட்டாள்.

பிறகு ஸ்டிக்கரை உரித்து வேறு இடத்தில் ஒட்டினாள். நான் நட்டநடுவில் வைத்திருந்தேனாம். கொஞ்சம் வலப்பக்கம் சாய வேண்டுமாம்.

பிப்ரவரி 21, சனி

நாலு பேரும் கிளம்பினோம். மாமாவுக்கு விடுமுறை. அம்மாவும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். ஒரு சுவரொட்டிக்கு இரண்டு வேலை: எழுத்துக்கு மேலே சிவப்புப் புள்ளி, ‘மாணவர் குறும்படம்’ என்று தங்கச்சி தூரிகையால் எழுதிய பட்டை. பட்டையை எவ்வளவு பெரிதாக எழுதலாம் என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

மாமா எட்டி ஒட்டுகிற வேலையை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் “எழுத்துக்குத் தொப்பி போட்டாச்சு, அடுத்தது” என்றார். சலவைக்கடைக்காரர் வெளியே வந்து இடம் விற்றுப்போய்விட்டதா, அதற்குத்தான் சிவப்பு குத்துகிறீர்களா என்று விசாரித்தார். அம்மா அவரை உட்கார வைத்து, என் பையன் பண்ணின கூத்தைக் கேளுங்கள் என்று ஆரம்பித்துவிட்டாள். அடுத்த கடைக்கு நாங்கள் போவதற்கு முன்னால் கதை போய்விட்டது. நூலக வாசலில் இருந்த பெண்ணே எங்களிடம் கேட்டாள், அந்தப் புள்ளி தின்ன ஆள் யார் என்று. மூன்று விரல்கள் என்னைக் காட்டின.

சாயங்காலம் வீடு திரும்பும்போது கால் கெஞ்சியது. மனசு மட்டும் லேசாக இருந்தது. பக்கத்தில் நடந்த தங்கச்சி திடீரென்று தானாகச் சிரித்தாள். என்னவென்று கேட்டேன்.

“மெயின் ரோட்ல இருந்தா-ன்னு கேட்டாரு பாரு…” அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

“நில் படம்தானே?” என்று மூன்று பேர். அப்புறம் ஒருவர் மனை கேட்டார். கோபப்படாமல் விளக்கினேன். எவ்வளவு நேரம் என்றார். பத்தொன்பது நிமிஷம் என்று சொல்லிவிட்டு, ஓடுகிற நேரம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

‘ம்’ எங்கே என்று கேட்ட பெரியவரை நானே கூப்பிட்டேன். ஐயா, நீங்கள் சொன்னது சரி, திருத்திவிட்டோம் என்றேன். போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அரை மணியில் அவரே கூப்பிட்டார்.

“இப்ப சரியா இருக்கு. எங்களுக்கு ரெண்டு டிக்கெட்.”

பிப்ரவரி 27, வெள்ளி

ஐந்தே முக்காலுக்கு அரங்கில் எண்ணினேன். இருபத்திரண்டு. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாமா வாசலுக்குப் போய் நின்றார். அவர் அங்கே என்ன செய்தார் என்று பிறகுதான் தெரிந்தது. படத்தில் போட்டிருந்த அதே சட்டையுடன், அதே கொடியுடன், கல்லூரி வாசலில் போகிறவர்களை நிறுத்தியிருக்கிறார். பாதிப் பேர் சுவரொட்டியில் பார்த்த ஆள் என்று அடையாளம் கண்டார்கள். புள்ளிக் கதை தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். சலவைக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார்.

விளக்கு அணையும்போது அறுபத்தெட்டு. இரண்டு முறை எண்ணினேன். விழாவுக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்திருந்த பெண்மணியும் தன் தாளில் ஏதோ குறித்தார்.

படத்தை முழுசாக நான் இன்றுதான் பார்த்தேன். தலைப்பு, அட்டை, எழுத்து என்று அலைந்தவன் படத்தைப் பார்க்கவே இல்லை. கடைசியில் இருட்டிய பிறகு ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து, வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்கிறார். மாமா உடனே நகர மாட்டார். கொடியை மடிக்கிறார். மூலைக்கு மூலை சேர்த்து, பொறுமையாக. அந்தப் பொறுமை மாமாவிடம் எங்கே இருந்தது? அவள் எப்படிக் கண்டுபிடித்தாள்? பக்கத்தில் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

கேள்வி நேரத்தில் முதல் கை அந்தப் பெரியவருடையது. மனைவியும் பக்கத்தில்.

“படம் நல்லா இருந்துச்சும்மா. கொடியை மடிக்கறது ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த எடம் யாருது?”

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே கேட்டார். மேடையில் தங்கச்சி ஒலிவாங்கியைக் கீழே இறக்கிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் தோளின் இறுக்கம் தளர்ந்து நான் பார்க்கிறேன்.

மார்ச் 3, செவ்வாய். இரவு 9.30.

அவள் படம்தான் விழாவுக்குப் போகிறது. காலையில் பலகையில் போட்டிருந்தார்களாம். அம்மாவுக்கு முதலில் சொன்னாள், பிறகு மாமாவுக்கு, பிறகுதான் எனக்கு. வரிசை எனக்குப் புரிகிறது.

மலரும் வந்துவிட்டது. மாமா பேருந்தில் கண்ணாடிக்கு மேலே ஒரு படியைச் செருகி வைத்திருக்கிறார். நேற்று ஒரு நிறுத்தத்தில் கைகாட்டின ஒருவருக்காக நிறுத்தினாராம். ஏறினவர் அட்டையையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாராம். இனி நிறுத்தித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது என்று அலுத்துக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது தங்கச்சி ஒரு காகிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுபடியும் சிமெண்ட் மூட்டைத் தாள், மணலோடு. அடுத்த படத்தின் தலைப்பாம். ‘முற்றுப்புள்ளி’.

“இதை என்ன பண்றேன்னு பாக்கறேன்” என்றாள்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. மிச்ச ஸ்டிக்கரை மேற்பார்வையாளரிடம் திருப்பிக் கொடுப்பது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது.

2. பெரியவருக்கு அந்த நிலம் யாருடையது என்று விசாரித்துச் சொல்வது. வாக்குக் கொடுத்துவிட்டேன்.

3. மென்பொருளில் ஒரு வரி சேர்ப்பது: எழுத்துக்கு மேலே எது இருந்தாலும் அழிக்காதே, என்னைக் கேள்.

4. மாதிரியைக் கதை தெரியாத ஒருவரிடம் காட்டி, சத்தமாகப் படிக்கச் சொல்வது. சலவைக்கடைக்காரர் ஒத்துக்கொண்டார்.

5. ற், ப், ள். மூன்று புள்ளி. எண்ணிவிட்டேன். அனுப்பும் முன் அவளை விட்டும் எண்ணச் சொல்ல வேண்டும்.